ஹார்ட் டிஸ்க் கம்பெனிப் பங்குகள்: பாலக்காட்டு எல்லையில் முதலீட்டாளர்கள் கேட்கும் கேள்விகள்

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் பக்கம் பங்குச் சந்தை பேசுகிற தமிழர்களிடம் இப்போது அதிகம் அடிபடும் பெயர்கள் சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல், சான்டிஸ்க். முதல் இரண்டும் சுழலும் தட்டில் எழுதும் ஹார்ட் டிஸ்க் செய்பவை; மூன்றாவது ஃபிளாஷ் சில்லு செய்வது. அந்தச் சில்லில் எழுதும் சேமிப்புதான் எஸ்எஸ்டி. மூன்றும் 2025-இல் பல மடங்கு ஏறின. 'எஸ்எஸ்டி வந்தாச்சு, ஹார்ட் டிஸ்க் கதை முடிஞ்சது' என்பது ஒரு கட்சி. 'ஏஐ வந்தாச்சு, இனி ஹார்ட் டிஸ்க்குக்கு அடிச்சது யோகம்' என்பது எதிர்க்கட்சி. இரு தரப்பும் எந்தத் தொழில்நுட்பம் ஜெயிக்கும் என்பதிலேயே மல்லுக்கட்டுகிறார்கள். காசு போடுகிறவர் அதற்கு மேலும் ஒன்று கேட்க வேண்டும்: ஜெயித்தால் அந்த லாபம் பங்குதாரர் கைக்கு வருமா? கீழே உள்ள பதில்கள் அந்தக் கேள்வியை வைத்தே எழுதப்பட்டவை. எந்தப் பங்கையும் வாங்கு, விற்று விடு என்று நாங்கள் சொல்லவில்லை.

எஸ்எஸ்டி இவ்வளவு மலிந்த பிறகும் ஹார்ட் டிஸ்க்கை யார் வாங்குகிறார்கள்?

லேப்டாப்பைப் பொறுத்தவரை யாருமே வாங்குவதில்லை எனலாம். 2010-இல் உலகம் முழுக்க சுமார் 65 கோடி டிஸ்க்குகள் விற்றன. இன்றைய எண்ணிக்கை அதில் கால் பங்கைக்கூடத் தொடாது. ஆனால் விற்கிற ஒவ்வொரு டிஸ்க்கின் கொள்ளளவும் பெருத்துவிட்டது. வாங்குகிறவர்களும் மாறிவிட்டார்கள்: கூகுள், அமேசான், மைக்ரோசாஃப்ட், மெட்டா போன்ற பெரிய டேட்டா சென்டர்காரர்கள்தான் இன்று முக்கிய வாடிக்கையாளர்கள். அவர்களுக்கு வேகத்தைவிட டெராபைட் விலை முக்கியம். டேட்டா சென்டர் தரத்தில் எஸ்எஸ்டியின் டெராபைட் விலை ஹார்ட் டிஸ்க்கைப் போலப் பல மடங்கு. அந்த இடைவெளி இருக்கும்வரை, அடிக்கடி திறக்காத கோப்புகள் டிஸ்க்கில்தான் கிடக்கும்.

கொள்ளளவில் எஸ்எஸ்டி எப்போதோ முந்திவிட்டது. சாலிடைம் என்ற கம்பெனி 2024 நவம்பரில் 122 டெராபைட் எஸ்எஸ்டியை அறிவித்தது. இன்னும் முந்தாதது விலையில்தான். ஹார்ட் டிஸ்க் தாங்கும் சுமை முழுவதையும் ஃபிளாஷுக்கு மாற்ற வேண்டுமானால் நேண்ட் (ஃபிளாஷ் சில்லு) தொழிற்சாலைகளில் கொட்ட வேண்டிய முதலீடு பிரம்மாண்டமானது. அந்தக் கம்பெனிகள் 2023-இல் பட்ட நஷ்டத்துக்குப் பிறகு அப்படிக் கொட்டத் தயங்குகின்றன.

எங்கள் ஊர் சிசிடிவி கடையிலும் ஹார்ட் டிஸ்க்தானே போடுகிறார்கள்? அது ஏன்?

இந்தக் கணக்கை ஒருமுறை நீங்களே போட்டுப் பார்த்தால் போதும், முழு விவாதமும் பிடிபடும். அரிசி மில்லிலோ கடையிலோ 2 மெகாபிக்சல் கேமரா ஒன்று ஹெச்.264 என்ற வீடியோ சுருக்கும் முறையில் வினாடிக்கு 4 மெகாபிட் எழுதுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டால் வகுத்தால் அரை மெகாபைட். ஒரு நாளைக்கு 43 ஜிபி. எட்டு கேமராவுக்கு 345 ஜிபி. முப்பது நாள் பதிவு வேண்டுமென்றால் 10.4 டெராபைட். ஹெச்.265-க்கு மாற்றி 2 மெகாபிட்டுக்குக் குறைத்தால் அதில் பாதி.

முதல் கணக்கின்படி அந்த டிவிஆர் (கேமராப் பதிவுப் பெட்டி) ஒரு வருடத்தில் எழுதுவது 126 டெராபைட். கடையில் கிடைக்கும் சாதாரண 1 டெராபைட் எஸ்எஸ்டிக்கு 300 முதல் 600 டெராபைட் எழுதும்வரைதான் உத்தரவாதம். அதாவது இரண்டரை முதல் ஐந்து வருடத்துக்குள் உத்தரவாத அளவு தீர்ந்துவிடும். அதிலும் மூன்று நாள் பதிவுக்கு மேல் இடம் இருக்காது. வேலை என்ன என்பதுதான் வடிவத்தைத் தீர்மானிக்கிறது. எது புதுசு என்று பார்த்து எந்த வாடிக்கையாளரும் காசு கொடுப்பதில்லை.

நல்ல தொழில்நுட்பம் இருந்தால் பங்கு ஏறத்தானே வேண்டும்?

ஏறும். ஆனால் நிற்குமா என்பதற்கு அயோமெகாவின் வரலாற்றைப் படிக்க வேண்டும். இந்தத் துறையில் காசு போடும் எவரும் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய கதை இதுதான்.

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துக் கம்பெனி அது. ஃபிளாப்பியின் கொள்ளளவு 1.44 எம்பியாக இருந்த காலத்தில், 1995-இல் கழற்றி மாற்றும் டிஸ்க் கொண்ட 100 எம்பி ஜிப் டிரைவை 200 டாலர் வாக்கில் சந்தைக்கு விட்டது. டிரைவில் லாபம் சொற்பம். 20 டாலர் வாக்கில் விற்ற டிஸ்க்கில்தான் காசு. 1994-இல் சுமார் 14 கோடி டாலராக இருந்த விற்பனை 1997-இல் 170 கோடியைத் தாண்டியது. 1995 தொடங்கி 1996 மே வரை பங்கு விலை பல மடங்கு பாய்ந்தது.

போட்டி வடிவங்கள் வராமலில்லை. சைக்வெஸ்ட் 135 எம்பியில் ஈஇசட்135 கொண்டுவந்தது. இமேஷன் தரப்பில் 120 எம்பி சூப்பர்டிஸ்க் வந்தது. அது பழைய ஃபிளாப்பியையும் படிக்கும். அன்றைய விவாதம் முழுக்க ஜிப்பா, சைக்வெஸ்ட்டா, சூப்பர்டிஸ்க்கா என்றே ஓடியது. ஜிப்தான் ஜெயித்தது. சைக்வெஸ்ட் 1998 நவம்பரில் திவாலானது.

ஆனாலும் அயோமெகா பங்குதாரருக்கு வாழ்வு வரவில்லை. அடி வந்தது அவர்கள் பார்த்துக்கொண்டிருந்த திசையிலிருந்து அல்ல. 650 எம்பி கொண்ட சிடி-ஆர் தட்டு ஒரு டாலருக்கும் கீழே இறங்கியது. அதை எந்தக் கம்பெனியும் தயாரிக்கலாம், எந்தக் கம்ப்யூட்டரும் படிக்கும். 2000-க்குப் பிறகு பென் டிரைவ் வந்தது. இதற்கு நடுவே தரக் கோளாறும் சேர்ந்தது: ஜிப் டிரைவின் படிக்கும், எழுதும் தலை இடம் பிசகி 'டிக் டிக்' என்று அடிக்க, தட்டு கெட்டது, கெட்ட தட்டு இன்னொரு டிரைவில் போனால் அதன் தலையும் கெட்டது. 1998-இல் வாடிக்கையாளர்கள் கூட்டாக வழக்குத் தொடுத்தார்கள். 2001-இல் ஐந்து பங்கை ஒன்றாக்கினார்கள். 2008-இல் இஎம்சி கம்பெனி மொத்த அயோமெகாவையும் சுமார் 21 கோடி டாலருக்கு வாங்கி முடித்தது.

ஆகவே ஒரு சேமிப்பு வடிவத்தை எடைபோடும்போது கூடவே கேளுங்கள்: இதே வேலையைப் பொதுச்சொத்தாகக் கிடக்கும் மலிவான வேறொன்று செய்துவிடுமா? வாடிக்கையாளர் நினைத்த மாத்திரத்தில் விட்டுப் போக முடியுமா?

அந்தக் கேள்விகளைச் சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல் பக்கம் திருப்பினால்?

அயோமெகாவைவிட இவர்கள் நிலை பல வகையில் உறுதியானது. உலகில் ஹார்ட் டிஸ்க் செய்கிறவர்கள் இன்று மூன்றே பேர்: சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல், தோஷிபா. சீகேட் 2006-இல் மேக்ஸ்டரை விழுங்கியது. 2011-இல் சாம்சங்கின் டிஸ்க் பிரிவையும் சேர்த்துக்கொண்டது. வெஸ்டர்ன் டிஜிட்டல் 2012-இல் ஹிட்டாச்சியின் பிரிவை வாங்கியது. புதிதாக நான்காவது ஆள் நுழைவதற்கு வாய்ப்பே தெரியவில்லை. சாதாரண சாமானையும் மூன்று பேர் மட்டும் விற்றால் விலை சரியாமல் பிடித்து வைக்க முடியும்.

பலவீனமும் அங்கேயே இருக்கிறது. வாங்குகிறவர்களும் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே. அவர்களில் இரண்டு பேர் 'இந்தக் காலாண்டு வேண்டாம்' என்றால் கணக்கு கவிழும். 2022-23-இல் அதுதான் நடந்தது. சீகேட்டின் ஆண்டு விற்பனை 2022 நிதியாண்டில் 1,166 கோடி டாலர்; 2024-இல் 655 கோடி. 44 சதவீதம் காணாமல் போனது. ஒரு பாகம்கூடப் பழுதாகவில்லை, ஒரு போட்டி வடிவமும் ஜெயிக்கவில்லை. வாடிக்கையாளர் கிடங்கில் சரக்கு தேங்கியது, அவ்வளவுதான்.

ஹாமர் என்கிறார்களே, அது என்ன? அதில் யார் முன்னால் நிற்கிறார்கள்?

தட்டில் புள்ளிகளைச் சிறிதாக்கச் சிறிதாக்க, காந்தத் துகள் சாதாரண வெப்பத்திலேயே தன் நிலையை மறந்துவிடும். மறக்காத துகளாக இரும்பு-பிளாட்டினக் கலவையைப் போட்டால், எழுதும் தலையால் அதைத் திருப்ப முடிவதில்லை. எனவே தலையிலேயே ஒரு குட்டி லேசரை ஒட்டி, எழுதும் புள்ளியை மட்டும் 400 டிகிரி செல்சியசுக்கு மேல் கணநேரம் சூடாக்கி எழுதுகிறார்கள். உடனே ஆறிவிடும். இதுதான் ஹாமர்.

சொல்வதற்கு எளிது. சந்தைக்கு வர பத்து வருடத்துக்கு மேல் தாமதமானது. காரணம், அந்த வெப்பத்தைக் குவிக்கும் நுண்ணிய உலோக முனை தேய்கிறது; தட்டின் மேற்பூச்சும் உயவுப் படலமும் சூடு தாங்க வேண்டும்; ஒரு தலை போனாலும் முழு டிஸ்க்கும் சந்தேகத்துக்குரியது. சீகேட் 2024 ஜனவரியில் மொசைக் 3+ என்ற பெயரில், தட்டுக்கு 3 டெராபைட் வீதம் பத்துத் தட்டில் 30 டெராபைட் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டு ஜனவரியில் 36-ஐ அறிவித்தது. அறிவிப்பு வேறு, வாடிக்கையாளர் சோதித்து ஒப்புக்கொள்வது வேறு. பெரிய டேட்டா சென்டர் ஒன்று புது டிஸ்க்கைச் சோதித்து ஏற்கப் பல காலாண்டுகள் எடுத்துக்கொள்ளும். பங்கு வைத்திருப்பவர் கண்காணிக்க வேண்டியது அந்த ஒப்புதல் செய்திகளைத்தான்.

வெஸ்டர்ன் டிஜிட்டல் ஹாமருக்கு அவசரப்படவில்லை. பதினொரு தட்டு அடுக்கி, தடங்களை ஓட்டு வீட்டுக் கூரையில் ஓடு வேய்வதுபோல ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி எழுதும் எஸ்எம்ஆர் முறையில் 2024 அக்டோபரில் 32 டெராபைட்டை எட்டியது. இந்த முறையில் நடுவில் ஒரு பகுதியை மாற்ற வேண்டுமென்றால் பக்கத்துத் தடங்களையும் சேர்த்துத் திரும்ப எழுத வேண்டும். அதற்கேற்ற மென்பொருள் வைத்திருக்கும் மேகக் (கிளவுட்) கம்பெனிகளுக்கு இது பிரச்சினையே இல்லை. வீட்டு நாஸ் பெட்டிக்கு (நெட்வொர்க்கில் பகிரும் சேமிப்புப் பெட்டி) எஸ்எம்ஆர் ஆகாது. ரெய்டை, அதாவது பல டிஸ்க்கில் பரப்பி வைத்த தொகுப்பை, மறுபடி கட்டும்போது நாள்கணக்கில் இழுக்கும். கடையில் வாங்கும்போது 'சிஎம்ஆர்தானே?' (தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத வகை) என்று மாடல் எண்ணை வைத்துக் கேட்டு வாங்குங்கள்.

கொள்ளளவு கூடினால் என்ன லாபம்? ஒரு எக்ஸாபைட் என்பது பத்து லட்சம் டெராபைட். 20 டெராபைட் டிஸ்க்கில் 50,000 வேண்டும். 30-இல் 33,333 போதும். மிச்சமாகும் 16,667 டிஸ்க்குகளுக்கு ஒன்றுக்கு 8 வாட் என்றால் 133 கிலோவாட் மின்சாரம், அதைக் குளிர்விக்கும் செலவு, ரேக், இடம் எல்லாம் மிச்சம். டேட்டா சென்டர்காரர் பெரிய டிஸ்க்குக்குக் கூடுதல் விலை தரச் சம்மதிப்பது இதனால்தான். கம்பெனிப் பக்கமோ, அதே பத்துத் தட்டில் கூடுதல் டெராபைட் போனால் டெராபைட்டுக்கான செலவு இறங்குகிறது. சீகேட்டின் மொத்த லாப விகிதம் 2023 நிதியாண்டில் சுமார் 18 சதவீதமாக இருந்து 2025-இல் சுமார் 35-க்கு உயர்ந்ததில் இதற்குப் பங்குண்டு. பற்றாக்குறைக்கும் பங்குண்டு. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாமல் 'ஹாமர் ஜெயித்துவிட்டது' என்று முடிவு கட்ட வேண்டாம்.

சான்டிஸ்க்?

2016-இல் வெஸ்டர்ன் டிஜிட்டல் வாங்கிய கம்பெனி, 2025 பிப்ரவரியில் தனியாகப் பிரிந்தது. இதன் தொழில் நேண்ட் ஃபிளாஷ். ஜப்பானின் கியாக்ஸியாவுடன் சேர்ந்து தயாரிக்கிறது. எதிரில் சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான், சீனாவின் ஒய்எம்டிசி. ஹார்ட் டிஸ்க்கில் மூன்று பேர் என்றால் இங்கே ஆறு பேர். ஆகவே ஏற்றமும் இறக்கமும் கூர்மை. 'டிஸ்க் தோற்றால் ஃபிளாஷ் பங்கு வாங்கிக்கொள்ளலாம்' என்று நினைப்பவர்கள் 2023-ஐ நினைவில் வையுங்கள்: அந்த வருடம் இரண்டு துறையும் ஒரே நேரத்தில் விழுந்தன. ஒன்று விழும்போது இன்னொன்று தாங்கும் என்ற பாதுகாப்பு இங்கே கிடையாது.

டேப் இன்னும் உயிரோடு இருக்கிறதாமே? அதில் பங்கு உண்டா?

நன்றாகவே இருக்கிறது. எல்டிஓ என்பது சேமிப்புக்கான காந்த நாடா வகை. எல்டிஓ-9 கேசட் ஒன்றில் தரவைச் சுருக்காமல் 18 டெராபைட் ஏறும். எல்டிஓ-10 அதை 30-ஆக்கியது. அலமாரியில் இருக்கும்போது மின்சாரமே வேண்டாம். ஆனால் இதில் தனியாகக் காசு போட வழியில்லை. டிரைவ் செய்வது ஐபிஎம். அந்தக் கம்பெனிக்கு டேப் ஒரு மூலை. கேசட் செய்வது ஃபியூஜிஃபிலிமும் சோனியும், அவற்றுக்கும் அப்படியே. 2019-இல் இந்த இருவரின் காப்புரிமை வழக்கால் எல்டிஓ-8 கேசட்டே கிடைக்காமல் போனது. டேப்பை நம்பி நிற்கும் க்வாண்டம் கம்பெனி 2024 ஆகஸ்டில் இருபது பங்கை ஒன்றாகச் சுருக்கியது. வடிவம் வாழ்கிறது, பங்கு தேய்ந்தது.

கல்யாண ஸ்டுடியோ வைத்திருப்பவர்களும் இதைக் கேட்கிறார்கள். 100 மெகாபிட்டில் 4கே எடுத்தால் மணிக்கு 45 ஜிபி. இரண்டு கேமரா, பத்து மணி நேரம் என்றால் 900 ஜிபி. எல்டிஓ டிரைவுக்கே சில லட்சம் ஆகும். வருடத்துக்கு நூறு டெராபைட்டுக்கு மேல் சேர்க்காதவருக்கு அது கட்டாது. இரண்டு தனித்தனி டிஸ்க்கில் நகல், அதில் ஒன்று வேறு கட்டடத்தில்: அது போதும்.

காலாண்டு அறிக்கையில் எதைப் பார்ப்பது?

முதலில் எத்தனை எக்ஸாபைட் அனுப்பினார்கள் என்று பாருங்கள். டிஸ்க் வருமானத்தை அதனால் வகுத்தால் டெராபைட் விலை வரும். அது காலாண்டுக்குக் காலாண்டு எப்படி நகர்கிறது என்பதே இந்தத் தொழிலின் நாடி. பழைய சுபாவப்படி அது மெல்ல இறங்கும். இறங்காமல் நின்றால் பற்றாக்குறை. வேகமாக இறங்கினால் மூவரில் யாரோ சந்தைப் பங்குக்காக விலையைக் குறைக்கிறார்கள்.

அடுத்து கையிருப்புச் சரக்கு. விற்பனை உயராமல் சரக்கு மட்டும் உயர்ந்தால் உஷார். பிறகு முதலீட்டுச் செலவு: 'கொள்ளளவைக் கூட்டுவோம், டிஸ்க் எண்ணிக்கையைக் கூட்ட மாட்டோம்' என்று சொல்லும் கம்பெனி திடீரென்று புது ஆலை கட்டினால், அந்தப் பங்கு வாங்கிய காரணமே போய்விட்டது. 10-கே ஆண்டறிக்கையில் பெரிய வாடிக்கையாளர்களின் பங்கு, கடன் இரண்டையும் படியுங்கள். சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல் இரண்டுக்கும் நிதியாண்டு ஜூன் இறுதியை ஒட்டி முடிகிறது. நம் மார்ச் கணக்கோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

பிஇ குறைவாக இருக்கும்போது வாங்கினால் சரியா?

ஏறி இறங்கும் தொழிலில் அது பெரும்பாலும் தலைகீழ். பிஇ என்பது பங்கு விலையை ஒரு பங்குக்கான லாபத்தால் வகுத்த எண். லாபம் உச்சத்தில் இருக்கும்போதுதான் அது குறைவாகத் தெரியும். 2023 நிதியாண்டில் சீகேட் சுமார் 53 கோடி டாலர் நஷ்டம் காட்டியது. அப்போது பிஇ என்ற எண்ணே கிடையாது. ஒரே வருடத்தை எடுக்காமல், ஒரு நல்ல காலமும் ஒரு கெட்ட காலமும் சேர்ந்த ஆறேழு வருடச் சராசரி லாபத்தோடு இன்றைய விலையை ஒப்பிடுங்கள்.

இங்கிருந்து பணம் அனுப்புவது எப்படி? எங்கே சிக்கும்?

ரிசர்வ் வங்கியின் எல்ஆர்எஸ் திட்டப்படி ஒருவர் ஒரு நிதியாண்டில் இரண்டரை லட்சம் டாலர் வரை அனுப்பலாம். வெளிநாட்டுப் பங்கு வாங்கித் தரும் புரோக்கரிடம் கணக்கு திறந்து, உங்கள் வங்கியில் ஏ2 படிவம் கொடுக்க வேண்டும். நிதியாண்டில் 10 லட்சம் ரூபாய்க்கு மேல் போகும் தொகைக்கு வங்கி 20 சதவீதம் டிசிஎஸ் (முன்கூட்டிப் பிடிக்கும் வரி) பிடிக்கும். அது வரிக் கணக்கில் திரும்பக் கிடைக்கும், ஆனால் மாதக்கணக்கில் முடங்கிக் கிடக்கும்.

எல்லைப் பக்கம் அதிகம் சிக்குவது பெயரில். ஆதாரில் இனிஷியல் பின்னால், பான் அட்டையில் அப்பா பெயர் விரித்து, பாங்க் பாஸ்புக்கில் இனிஷியல் முன்னால் என்று மூன்று விதமாக இருக்கும். பான் அட்டைப் பெயரை அடிப்படையாக வைத்து மற்றதைத் திருத்திய பிறகே கணக்கு தொடங்குங்கள். மனைவி கணக்கிலிருந்து கணவர் பெயருக்கு அனுப்பினால் புரோக்கர் திருப்பிவிடுவார். போகும்போதும் வரும்போதும் கட்டணம் போகும். ஐயாயிரம், பத்தாயிரமாக அடிக்கடி அனுப்பாதீர்கள். வங்கிக் கட்டணமும் டாலர் மாற்று வித்தியாசமுமே லாபத்தைத் தின்றுவிடும்.

வரி?

24 மாதத்துக்கு மேல் வைத்து விற்றால் லாபத்தில் 12.5 சதவீதம், கூடவே செஸ். அதற்குள் விற்றால் உங்கள் வருமான வரம்புப்படி. ரிட்டர்னில் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையை நிரப்பியே ஆக வேண்டும். ஒரு பங்கு இருந்தாலும் சரி. அந்த அட்டவணைக்கு ஜனவரி முதல் டிசம்பர் வரையிலான கணக்கு, ஏப்ரல்-மார்ச் அல்ல. பலர் தவறுவது இங்கேதான்.

வெஸ்டர்ன் டிஜிட்டலின் டிவிடெண்டில், டபிள்யூ-8பென் படிவம் (அமெரிக்கர் அல்ல என்று அறிவிப்பது) கொடுத்தவருக்கு அமெரிக்கா 25 சதவீதம் பிடிக்கும். கையெழுத்திட்ட வருடத்துக்குப் பின் மூன்றாவது டிசம்பரோடு அந்தப் படிவம் காலாவதி. சீகேட் சட்டப்படி அயர்லாந்துக் கம்பெனி. அதற்கு அந்நாட்டு விதி பொருந்தும். அங்கும் பிடித்தம் 25 சதவீதம், விலக்குக்குத் தனிப் படிவம்.

அண்ணன் துபாயில் இருக்கிறார். அவர் பெயரில் வாங்கினால் லாபமா?

அவர் சம்பாதித்த பணத்தில் அவருக்காக வாங்கினால் எல்ஆர்எஸ் வரம்பும் டிசிஎஸ்ஸும் அவருக்கு இல்லை. ஆனால் அமீரகத்துக்கும் அமெரிக்காவுக்கும் வருமான வரி ஒப்பந்தம் கிடையாது. அமெரிக்கக் கம்பெனி டிவிடெண்டில் 30 சதவீதம் போகும். உங்கள் பணத்தை அவர் பெயரில் போடுவது சட்டச் சிக்கல். அதோடு, அமெரிக்கக் குடிமகனோ அங்கே நிரந்தரமாக வசிப்பவரோ அல்லாதவர் இறக்கும்போது அமெரிக்கப் பங்குகள் 60,000 டாலரைத் தாண்டினால் அந்நாட்டின் வாரிசு வரி குடும்பத்தின் தலையில் விழும். இது இங்கிருந்து வாங்கும் உங்களுக்கும் பொருந்தும்.

மார்ஜினில், ஆப்ஷனில் செய்யலாமா?

கூடாது. மார்ஜினுக்காக, அதாவது கடனில் வியாபாரம் செய்யக் கட்டும் ஈட்டுப் பணத்துக்காக, வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப எல்ஆர்எஸ் அனுமதிப்பதில்லை.

விலை ஏறுகிறதே, பங்குக்குப் பதில் டிஸ்க்கையே வாங்கி அடுக்கினால்?

2011-இல் தாய்லாந்து வெள்ளத்தில் ஆலைகள் மூழ்கியபோது டிஸ்க் விலை சில வாரங்களில் எகிறியது. வாங்கி அடுக்கியவர்கள் ஏராளம். ஆலைகள் மீண்டதும் விலை இறங்கியது, அடுக்கிய சரக்கு பழைய மாடலானது. டிஸ்க்கின் உத்தரவாதக் காலம் பெட்டியைப் பிரிக்காவிட்டாலும் ஓடலாம். சில சமயம் கம்பெனி விற்ற தேதியிலிருந்தே கணக்கு. கடைக்குத் தேவையான மூன்று மாதச் சரக்குக்கு மேல் வைக்காதீர்கள். வாங்கும்போது வரிசை எண்ணைக் கம்பெனியின் உத்தரவாதப் பக்கத்தில் போட்டு, இந்தியாவுக்கான சரக்குதானா, எத்தனை மாதம் மிச்சம் என்று பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.